சீட்டில் ஏற்றாத நம்பர்

பள்ளிப்பட்டு
10-6-1974

அண்ணன் கோதண்டத்துக்குத் தங்கை அம்சா எழுதுவது.

பொங்கலன்று உன் வீட்டில் பரிமாறிய இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தவள், ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். ரோஷம் போய்விட்டது என்று நினைக்காதே. ரோஷம் அப்படியே இருக்கிறது. அரிசிதான் இல்லை.

முந்தாநாள் சனிக்கிழமை உன் மாப்பிள்ளை திருத்தணியிலிருந்து வந்தார். வாரம் முழுக்கத் தறி ஓட்டிய கூலியில் நாலு ரூபாய் கொண்டுவந்தார். கேட்டால், "ஷெட்டுக்கு நூல் வரல, ரெண்டு நாள் தறி நின்னுபோச்சு" என்கிறார். அதே ஷெட்டில் வேலை செய்கிற எங்கள் தெரு ஆறுமுகம் முழுக் கூலியோடு வந்து, பிள்ளைகளுக்கு முறுக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறார். அவர் தறிக்கு மட்டும் நூல் வந்ததா?

பணம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காட்டன் சீட்டு எழுதுகிற உன் கைக்குத்தான் போகிறது. எங்கோ சீமையில் பஞ்சு என்ன விலைக்குப் போனது என்று ஒரு நம்பர் வருமாம். முதல் நாளே அந்த நம்பரைச் சொல்லிப் பணம் கட்டியவனுக்கு ஒன்றுக்கு எழுபதாம். தலைமுறை தலைமுறையாக நெசவு செய்கிற ஜனம் நாம். பஞ்சு நம்மைப் பணக்காரர் ஆக்கிய லட்சணம் நமக்குத் தெரியாதா?

ஊரில் யார் யார் வீட்டுக் காசையோ வாங்குகிறாய். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. என் புருஷன் காசை வாங்காதே, அவ்வளவுதான். தமயந்திக்கு ஆறு வயது ஆகிறது. இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அவளுக்காகவாவது கேள்.

கார்டில் எழுதினால் தெருவே படிக்கும் என்று இன்லண்டில் எழுதியிருக்கிறேன். நீயும் அப்படியே எழுது.

அம்சா


திருத்தணி
15-6-1974

அம்சாவுக்கு அண்ணன் கோதண்டம் ஆசீர்வாதம்.

நீயும் உன் ரோஷமும் சௌக்கியம் என்று தெரிந்து சந்தோஷம்.

வாங்காதே என்கிறாய். வாங்காமல் இருந்து பார்த்துவிட்டேன். சித்திரை மாதம் மாப்பிள்ளையை மலைக்கு அழைத்துப் போய், முருகன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். "இனிமே காட்டனுக்கு என் கையால பணம் குடுக்க மாட்டேன்" என்று கண்ணில் தண்ணீரோடு சொன்னார். மறுநாள் டீ மாஸ்டர் என்னிடம் இரண்டு ரூபாயை நீட்டுகிறார். "இன்னா மாஸ்டர், நீங்க எப்போருந்து?" என்றேன். "என்னுது இல்லபா, உங்க மாப்ள குட்தாரு. அவுரு கையால குடுக்க மாட்டாராமே!" என்றார்.

திட்டி விரட்டினேன். மாப்பிள்ளை நேராக கே.ஜி.கண்டிகைக்கு பஸ் ஏறிப் போய், அங்கே கட்டிவிட்டு வந்தார். பஸ் சார்ஜும் சேர்ந்து போனதுதான் மிச்சம். அங்கே எழுதுகிறவன் கடனுக்கும் எழுதுவான். என்னிடம் கட்டினால் கடனாளி ஆகாமலாவது இருப்பார் என்றுதான் மறுபடி வாங்க ஆரம்பித்தேன். நீ என்னவோ நான் ராட்சசன் மாதிரி எழுதுகிறாய். அந்தப் பணம் என் பெட்டிக்கா போகிறது? சாயங்காலம் எல்லாவற்றையும் வேதாசலம் மொதலாளியிடம் கொடுக்கிறேன். அவர் மெட்ராஸுக்கு அனுப்புகிறார். எனக்கு வருவது கமிஷன். அதில்தான் உன் அண்ணி வசந்தி உலை வைக்கிறாள்.

உன் கடிதம் படித்த பிறகு ஒரு யோசனை வந்தது. மாப்பிள்ளை கொடுக்கிற பணத்தை வாங்கிக்கொள்கிறேன். அவர் கையில் துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் மொதலாளிக்குப் போகிற பெரிய சீட்டில் அவர் நம்பரை ஏற்ற மாட்டேன். வாரக் கடைசியில் சேர்ந்த பணத்தை உன் பெயருக்கு மணியார்டர் செய்துவிடுகிறேன். அவருக்கு விளையாடிய திருப்தி, உனக்கு அரிசி. எப்படி உன் அண்ணன் மூளை?

மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது. மொதலாளிக்கு நிச்சயம் தெரியக் கூடாது. பணத்தை வாங்கிக்கொண்டு சீட்டில் ஏற்றாமல் விடுவது இந்தத் தொழிலில் பெரிய திருட்டு. தெரிந்தால் கை காலை எடுத்துவிடுவார்கள்.

கோதண்டம்


பள்ளிப்பட்டு
8-7-1974

அண்ணாவுக்கு,

மணியார்டர் வந்தது. தமயந்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்குகிறாள். இதற்கு உனக்கு நன்றி சொல்லாவிட்டால் நான் மனுஷி இல்லை.

ஆனால் என் மனசு சரியாக இல்லை. போஸ்ட்மேன் போனதும் மாமியார், "இன்னாத்துக்கு உங்கண்ணன் மாசத்துல ரெண்டு வாட்டி பணம் அனுப்புறான்?" என்று கேட்டார். அம்மாவின் நகையை விற்றதில் என் பங்கு என்று ஒரு பொய் சொன்னேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை உன் மாப்பிள்ளை முகம் தொங்கிப்போய் வருகிறார். அவர் தோற்ற பணத்தில் வாங்கிய அரிசியைத்தான் அவருக்கு வடித்துக் கொட்டுகிறேன். அவர் சாப்பிட்டுவிட்டு, "எப்டியோ சமாளிச்சிக்கிற அம்சா, நீ கெட்டிக்காரி" என்கிறார். வீட்டில் அடுப்பு எரிகிறது என்ற தைரியத்தில் முன்பைவிட அதிகமாகக் கட்டுகிறாரோ என்று பயமாக இருக்கிறது. போன தடவை நீ அனுப்பிய பணம் அதற்கு முந்தினதைவிட அதிகம். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா?

இன்னொன்றும் கேட்கிறேன், சிரிக்காதே. ஒருநாள் அவர் சொன்ன நம்பரே விழுந்துவிட்டால் என்ன செய்வாய்?

அம்சா


திருத்தணி
13-7-1974

அம்சாவுக்கு,

சிரிக்காதே என்றாய். வசந்தி வந்து என்னவென்று கேட்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

விழாது. மாப்பிள்ளை நம்பர் பிடிக்கிற அழகை நீ பார்த்திருந்தால் இந்தக் கவலையே பட்டிருக்க மாட்டாய். மலையில் மொட்டை போடுகிற இடத்துக்குப் போய் நின்று, யார் கையில் என்ன டோக்கன் என்று பார்க்கிறார். பெரிய பக்தர் என்று அங்கே எல்லோரும் வழி விடுகிறார்கள். ஒருநாள் சத்திரத்துக் கதவு நம்பர், ஒருநாள் பஸ் நம்பர். போன வாரம் ஒரு ஆந்திராக்காரரிடம் போய், "மீ வயசு எந்த?" என்று கேட்டு, அந்த வயசைக் கட்டினார். அந்த மனுஷன் பாவம், தன் மேல் இவ்வளவு அக்கறையா என்று பிரசாதம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆடிக் கிருத்திகை வருகிறது. காவடிக் கூட்டத்தில் ஊர் தாங்காது. எனக்கும் கை ஓயாது. நீ வீணாக மனசைக் குழப்பிக்கொள்ளாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்.

கோதண்டம்


பள்ளிப்பட்டு
20-8-1974

அண்ணா,

சனிக்கிழமை உன் மாப்பிள்ளை எனக்கு ஜரிகைக் கரை போட்ட சேலை வாங்கி வந்தார். நெய்கிறவன் வீட்டுக்குக் கடைச் சேலை! தமயந்திக்கு வெள்ளிக் கொலுசு. மாமியாருக்குக் கம்பளி. தெருவில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் மிட்டாய். "நைனா ஜெயிச்சிட்டாரு" என்று குழந்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"சொன்னேன் இல்ல, என்னிக்காவது வுழும்னு! அஞ்சு ரூபா கட்டினேன், முந்நூத்தம்பது. மச்சான் ரெண்டு நாள் இழுத்தடிச்சாரு, அப்புறம் அவுரு கையாலயே எண்ணிக் குட்தாரு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

சீட்டில் ஏற்றாத நம்பருக்கு மெட்ராஸிலிருந்து எப்படிப் பணம் வரும்? அந்தப் பணம் யாருடையது? அந்தச் சேலையை இன்னும் மடிப்புக்கூடக் கலைக்கவில்லை. உடனே எழுது.

அம்சா


திருத்தணி
24-8-1974

அம்சாவுக்கு,

எழுத வேண்டாம் என்று இருந்தேன். நீ விடமாட்டாய்.

கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு குழந்தை மொட்டைக்கு வைத்திருந்த டோக்கன், நாற்பத்தாறு. அதைத்தான் கட்டினார். மறுநாள் காலை மெட்ராஸ் ரயிலில் நம்பர் வந்தது. அதே நாற்பத்தாறு.

தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்க, ஷெட்டிலிருந்து ஓடி வந்தார். டீக்கடை வாசலில் அத்தனை பேர் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். "மச்சான், உன் கைராசி மச்சான்!" என்று கத்துகிறார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால், கோதண்டம் பணத்தைத் தின்றுவிட்டான் என்று பஸ் ஸ்டாண்டே சொல்லும். அது மொதலாளி காதுக்குப் போகும். தின்னவில்லை, வீட்டுக்குத்தான் அனுப்பினேன் என்றால், உன் பெயர் வரும். வாயை மூடிக்கொண்டேன்.

வேதாசலம் மொதலாளியிடம் போய், வசந்திக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று சொல்லிக் கடன் கேட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே கொடுத்தார். புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டார். இனிமேல் என் கமிஷனில் பாதி அவருக்கு. கே.ஜி.கண்டிகையில் எழுதிக்கொண்டிருந்தவன் ஓடிவிட்டானாம், மத்தியானத்தில் அங்கேயும் நான்தான் உட்கார வேண்டும். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் அதைச் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

மணியார்டர் இனி வராது அம்சா. மாப்பிள்ளை நம்பரை இப்போது சீட்டில் ஏற்றித்தான் விடுகிறேன். ஏற்றாமல் விட எனக்குத் தைரியம் இல்லை.

கோதண்டம்


பள்ளிப்பட்டு
26-9-1974

அண்ணா,

சொல்லிவிட்டேன். உன் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மணியார்டர், பொய், உன் கடன், எதையும் மறைக்கவில்லை. கேட்டு உடைந்துபோவார், அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

நிதானமாகக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "யார் குட்தா இன்னா அம்சா? நம்பர் வுழுந்துச்சா இல்லியா?"

"நீயும் உங்கண்ணனும் சேர்ந்துகினு என்னை ஏமாத்தினீங்க. நம்பர் என்னை ஏமாத்தல. இத்தினி நாளு நீங்க ஒழுங்கா ஏத்தியிருந்தா இன்னும் எத்தினி வுழுந்திருக்குமோ!" என்றார். விழாத நாளெல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை. நாம் அவரைக் காப்பாற்றப் போய், உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டோம்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவே கூசுகிறது. சேலை போயிற்று. குளிப்பாட்டுவதற்காகக் குழந்தையின் காலிலிருந்து கழற்றி வைத்த கொலுசு, தலை துவட்டி முடிப்பதற்குள் காணவில்லை. அன்றைக்குக் கத்தினேன். மாமியாரும் கத்தினார். உன் மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து எங்களுக்குக் காட்டினார். "நான் இன்னா பண்ணட்டும்? நிறுத்தணும்னுதான் ஒவ்வொரு நாளும் எழுந்துக்கிறேன். முடியல" என்று அழுதார். அந்த அழுகை பொய் இல்லை அண்ணா. பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானம்மாள் குழந்தைக்கு ஊசி போட வந்தபோது அவரிடம் சொல்லி அழுதேன். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இருக்கிறாராம். குடியை விட முடியாதவர்களைப் பார்ப்பது போல, இதையும் பார்ப்பாராம். "சத்தியம் வாங்கறதாலயும் திட்டறதாலயும் இது போவாதும்மா, வைத்தியத்தாலதான் போவும்" என்றார். உன் மாப்பிள்ளை முதலில், "நான் இன்னா பைத்தியமா?" என்று குதித்தார். பிறகு தானாகவே வந்து, "எப்போ போலாம்?" என்று கேட்டார்.

ஷெட் முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன். கூலியை ஆறுமுகம் கையில் கொடுத்தனுப்பச் சம்மதித்துவிட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் உன் மாப்பிள்ளை கையில். மூன்று வாரமாகக் கட்டவில்லை என்கிறார். நீயும் வாங்கவில்லைதானே?

அக்டோபர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸில் திருத்தணி வந்து அவரை அழைத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறப் போகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு நல்ல வார்த்தை சொல். உன் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்சா


திருத்தணி
1-10-1974

அம்சாவுக்கு,

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். மலையிலிருந்து விபூதி வாங்கி வைக்கிறேன். வசந்தி இட்லி கட்டித் தருவாள். தைரியமாக இரு.

கோதண்டம்


பள்ளிப்பட்டு
9-10-1974

அண்ணா,

நேற்று இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேர்ந்தோம். அவர் தூங்குகிறார். நான் எழுதுகிறேன்.

டாக்டர் சின்ன வயசு. ஆனால் பொறுமைக்காரர். ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். "இது திமிர் இல்லம்மா, மனசுல புடிச்சிக்கிற ஒரு சீக்கு. ஒரே நாள்ல போவாது. வாரா வாரம் வரணும்" என்றார். பணம் அவர் கையில் நிற்கக் கூடாது, சீட்டு எழுதுகிற இடத்துப் பக்கம் போகக் கூடாது, கட்டத் தோன்றுகிற நேரத்தில் நம்பிக்கையான ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னார். ஷெட்டை விட்டுவிட்டு இங்கேயே மாமியார் தறியில் உட்காரச் சொல்லிவிட்டேன். கூலி குறைவுதான். பரவாயில்லை.

டாக்டர் இதையெல்லாம் சொல்வதற்கு முன்னால், "கடைசியா எப்போ கட்டினீங்க?" என்று அவரைக் கேட்டார். இவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான்தான் முந்திக்கொண்டு, "ஒரு மாசமாச்சு டாக்டர், வுட்டுட்டாரு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"இல்ல டாக்டர். இன்னிக்கிக் காலையில" என்றார் அவர்.

"எங்க?"

"திருத்தணி பஸ் ஸ்டாண்டுல. இவ வாழப்பழம் வாங்கப் போனா. அந்த நேரத்துல மச்சான் கையில குட்தேன்."

அண்ணா, நான் திரும்பி வந்தபோது நீ விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் நெற்றியில் இட்டுக்கொண்டிருந்தாய். "தைரியமா போய்ட்டு வா மாப்ள" என்றாய். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அதற்கு முன்னால்தான் வாங்கி மடியில் வைத்திருந்தாயா?

டாக்டர் கோபப்படவில்லை. "அவுரு வாயால உண்மை வந்துச்சே, இன்னிக்கி அது போதும்" என்றார். பஸ்ஸில் வரும்போது உன் மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து தூங்கினார். பொய் சொல்ல வேண்டிய வேலை இல்லாமல் ஒருநாள் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னைத் திட்டப் பலமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மொதலாளி அங்கே இல்லை. கணக்குக் கேட்க யாரும் இல்லை. நாங்கள் எங்கே போகிறோம் என்று உனக்குத் தெரியும். பிறகு ஏன் வாங்கினாய்?

அம்சா


திருத்தணி
14-10-1974

அம்சா,

ஆங், வாங்கினேன்.

உன் கடிதம் வந்து மூன்று நாளாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். மொதலாளி கடன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். அது பொய். வேதாசலத்தின் நினைப்பே அப்போது எனக்கு இல்லை. கமிஷன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். ஒரு ரூபாயில் எனக்கு வருகிற பைசாவுக்கு ஒரு பீடிகூட வராது. மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது என்று வாங்கினேன் என்றும் ஒரு பதில் வைத்திருந்தேன். நல்ல பதில்தான். நீகூட நம்பியிருப்பாய்.

நடந்தது இதுதான். நீ பழக்கடைப் பக்கம் திரும்பினாய். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. அதற்குள் என் கை நீண்டுவிட்டது. அவர் கொடுத்த பிறகு நான் வாங்கவில்லை அம்சா, நான் நீட்டிய பிறகுதான் அவர் கொடுத்தார். "இன்னா நம்பர்?" என்று வேறு கேட்டேன். பஸ் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பெரிய சீட்டில் ஏற்றினேன், கையெழுத்து கோணாமல். நம்பர் விழவில்லை.

அன்றைக்கிலிருந்து டீக்கடைப் பக்கம் போகாமல் இருந்து பார்க்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் முடிந்தது. காய்ச்சல் என்று மொதலாளிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன், அவரும் ஆள் விடவில்லை. யாரும் கூப்பிடாமல் நானே சட்டையை மாட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வசந்தியிடம் இதைச் சொன்னால் அவளுக்குப் புரியாது. உனக்குப் புரியுமா என்றும் தெரியவில்லை. மாப்பிள்ளைக்குப் புரியும்.

அடுத்த செவ்வாய் நீங்கள் வேலூர் போகும்போது அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல். கட்டுகிறவனைத்தான் பார்ப்பாரா, எழுதுகிறவனையும் பார்ப்பாரா?

கோதண்டம்